பொருள்: ???????? (ஒரு திறந்த மடல்)

பயிற்சி, உதவித்தொகை விண்ணப்பங்களை இணையவழியில் வாங்கும் அலுவலகத்தின் அதிகாரிகளுக்கும், அதற்கு மென்பொருள் எழுதிக்கொடுத்து மாதாமாதம் பராமரிக்கும் குழுவினருக்கும்,

போன வாரம் உங்கள் படிவத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு முளைத்தது. "மின்னஞ்சலில் எழுத்துப்பிழை வருவதைத் தவிர்க்க, விண்ணப்பதாரர் பெயர், ஊர், கோரிக்கையின் பொருள் ஆகியவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மட்டுமே நிரப்பவும்." எந்த எழுத்துப்பிழையைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அதைப் பற்றி உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருத்தி. பிழையைச் சரிசெய்யுங்கள் என்று கேட்டோம். நீங்கள் தமிழை எடுத்துவிட்டீர்கள்.

அலுவலகத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும். தவிர, இந்தக் கோளாறு உங்களிடம் மட்டும் இருப்பதல்ல. கடைக்கு வருகிறவர்களின் போனில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கூரியர் என்று பல இடத்து மெயில்களில் இதையே பார்க்கிறேன். ஆனால் "தமிழில் எழுதாதே" என்று மக்களுக்கே உத்தரவு போட்டது நீங்கள்தான். அதனால் மடலும் உங்களுக்கு.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறேன். அதே இடத்தில் முன்பு என் அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். தமிழ் லோயர், இங்கிலீஷ் லோயர் என்று காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓர் எழுத்து தப்பினாலும் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத்தாள் சொருகச் சொல்வார். மிஷின்களையெல்லாம் எடைக்குப் போட்ட பிறகும் அவருடைய அந்தப் பிடிவாதம் என்னிடம் தங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பும் புரோகிராம்தான் என் பொறுப்பு. ஆகவே உங்கள் மெயிலை யாராவது என் முன்னால் நீட்டும்போது, உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடுகிறது. கோபம் கொஞ்சம் கூடுதலாக வருவதற்கும் அதுதான் காரணம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வருவாள். பி.காம். முடித்தவள். உங்கள் பயிற்சிக்கு என் கடையில்தான் விண்ணப்பம் போட்டாள், நானே தட்டிக்கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து, "அக்கா, ஒண்ணுமே வரலியே, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். விரிசல் விட்ட கண்ணாடியில் இன்பாக்ஸை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தோம். இல்லை. ஸ்பாமில் பார்த்தோம். இல்லை. கடைசியில் டெலிட் செய்ததெல்லாம் கிடக்கும் பின்னுக்குள் போனால், அங்கே கிடந்தது உங்கள் மெயில். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சமக்குறி, ஒரு கேள்விக்குறி, யூடிஎஃப்-8, மறுபடி கேள்விக்குறி, ஒரு 'பி', இன்னொரு கேள்விக்குறி, அப்புறம் மூச்சுவிட இடமில்லாமல் 4கே6, 4கே+ என்று எண்ணும் எழுத்தும் கலந்து ஓடிக்கொண்டே இருந்தது.

"இதா? இதை நான்தான்கா டெலிட் பண்ணேன். ஃபிராடு மெயில்னு நெனச்சேன்."

அவளைக் குறைசொல்ல முடியுமா? விளங்காத தலைப்போடு வரும் மெயிலைத் தொடாதே, ஏமாந்தால் உடனே 1930க்குப் போன் செய் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறார்கள். சொன்னபடி நடந்துகொண்டாள். மெயிலைத் திறந்தேன். உள்ளே தமிழ் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. "தங்களது சான்றிதழ் சரிபார்ப்பு வரும் வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்கு நடைபெறும்." அந்த வெள்ளிக்கிழமை மூன்று நாளுக்கு முன்பே போய்விட்டிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டிய நாலு ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

இன்னொருவர் காசிமேட்டுப் பெரியவர். போட்டில் போனவர், இப்போது முட்டிவலியால் கரையோடு சரி. உதவித்தொகைக்காக அவர் போட்ட மனுவுக்கு உங்களிடமிருந்து வந்த பதிலின் தலைப்பு, எட்டுக் கேள்விக்குறிகள், ஓர் இடைவெளி, மறுபடி கேள்விக்குறிகள். "இன்னாம்மா இது? நான் ஒரு கேள்வி கேட்டா, அவன் என்னையே இத்தினி கேள்வி கேக்கறான்?" என்று சிரித்தார். உள்ளே படித்துப் பார்த்ததில், முதல் சொல் 'ராயபுரம்' என்று தெரிந்தது. சொன்னேன். அவர் விடவில்லை, விரலை மடக்கி எண்ணினார். "ரா, ய, பு, ர, ம். அஞ்சுதானே. எட்டு எங்கேர்ந்து வந்துது?"

நல்ல கேள்வி. உங்கள் குழுவில் யாராவது இதைக் கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குள் 'ரா' என்பது ர, அப்புறம் ஒரு துணைக்கால். 'பு' என்பது ப, அப்புறம் உகரக் குறி. 'ம்' என்பது ம, அப்புறம் புள்ளி. ஆக எட்டு. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் எட்டுக் குறிகள், அவற்றைக் கணினிக்குள் எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 24. உங்கள் மென்பொருள் அந்த எட்டில் ஒன்றுகூடத் தெரியாத ஏதோ ஒரு பழைய எழுத்துத்தொகுதிக்கு மாற்றப் பார்த்திருக்கிறது, ஒவ்வொன்றும் தோற்று ஒவ்வொரு கேள்விக்குறி ஆகியிருக்கிறது. பெரியவரின் கணக்கு தப்பில்லை.

போனில் புகார் சொன்னபோது உங்கள் தரப்பில் கிடைத்த பதில்: "எங்க சிஸ்டத்துல சரியாத்தான் தெரியுது மேடம், உங்க போன்ல தமிழ் ஃபான்ட் இருக்காது." இந்தப் பதிலை மூன்று பேர் மூன்று தேதிகளில் சொன்னார்கள். ஃபான்ட் இல்லாவிட்டால் வருவது காலிக் கட்டங்கள். கேள்விக்குறி வந்தால் எழுத்து அனுப்பும் இடத்திலேயே செத்துவிட்டது, எந்த ஃபான்ட் போட்டாலும் திரும்ப வராது. தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் யூடிஎஃப்-8ஐ மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று பெயர் மாற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். தமிழ்க் குறிகள் எல்லாமே யூடிஎஃப்-8இல் ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் அந்தச் சாய்கோட்டு 'ஏ' விடாமல் வருகிறது. கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு வந்தது வேறு வகை. சரியான முறையைத் தொட்டிருக்கிறீர்கள், முழுசாகச் செய்யவில்லை. இந்த மூன்று வியாதியும் இரண்டு வருஷத்துக்குள் ஒரே அலுவலகத்திலிருந்து எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. யாரோ ஒவ்வொரு தடவையும் எதையோ திருகிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதிகாரிகளுக்காக ஒரு விளக்கம். மெயிலில் இரண்டு பகுதி. உள்ளே இருக்கும் கடிதம் ஒன்று. மேலே ஒட்டியிருக்கும் விவரம் இன்னொன்று: அனுப்புநர், பெறுநர், பொருள் (நான் தலைப்பு என்று சொல்வது இதைத்தான்), தேதி. இதைத்தான் ஹெடர் என்கிறோம். உங்கள் அலுவலகத்துக்கு வரும் வழியில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் துணி இருக்கலாம், மெஷின் பாகம் இருக்கலாம். ஆனால் பெட்டியின் வெளியே எழுதும் எண் உலகம் முழுக்க ஒரே முறையில் இருக்கும்: நாலு ஆங்கில எழுத்து, ஏழு எண், அதில் கடைசி எண் சரிபார்ப்பதற்கு. அந்த முறையில் இல்லாத பெட்டி துறைமுக கேட்டைத் தாண்டாது. மெயில் ஹெடருக்கும் இந்த மாதிரி ஒரு முறை உண்டு. 1982 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 822 என்ற விதி, ஹெடரில் ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே என்றது. 128 குறிகள், எல்லாம் ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்கு அங்கே இடமில்லை. பிரெஞ்சின் தலைக்கோட்டுக்கே இடமில்லை.

பிறகு 1992 ஜூனில் ஆர்எஃப்சி 1342 என்று ஒரு வழி சொன்னார்கள். அதைத் திருத்தி, 1996 நவம்பரில் கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 2047 வந்தது. இன்றைக்கும் அதுதான் நடைமுறை. ஆஸ்கியில் இல்லாத எழுத்தை, ஆஸ்கி எழுத்துகளாலான ஒரு பொட்டலத்துக்குள் மடித்துப் போடு. எந்த எழுத்துத்தொகுதி, எந்த முறையில் மடித்தாய் என்று பொட்டலத்தின் வாயிலேயே எழுது. பெறுகிற மென்பொருள் பிரித்துக் காட்டிவிடும். சமக்குறியும் கேள்விக்குறியும் யூடிஎஃப்-8உம் 'பி'யும் அந்தப் பொட்டலத்தின் கட்டுக்கயிறு. 'பி' என்றால் பேஸ்64 என்ற மடிப்பு, 'க்யூ' என்றால் இன்னொரு மடிப்பு. கயிறு கண்ணில் படவே கூடாது. அது தெரிகிறதென்றால் கட்டினவர் தப்பாகக் கட்டியிருக்கிறார்.

தமிழ் யூனிகோடுக்குள் வந்தது 1991இல். ஆக, தலைப்பில் தமிழ் அனுப்பத் தேவையான எல்லாம் கிட்டத்தட்ட முப்பது வருஷமாகத் தயாராக இருக்கிறது. நம் மாநில அரசே 2010இல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்று ஆணை போட்டது. அதற்கு முன் தமிழ் மெயில் அனுப்பியவர்கள் பட்ட பாடு தனிக் கதை. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீடு, ஆளுக்கொரு ஃபான்ட். அந்தக் காலத்தில் இந்த அறிவிப்பை நீங்கள் போட்டிருந்தால் நானும் சரி என்று போயிருப்பேன்.

இனி மென்பொருள் குழுவினரோடு கொஞ்சம் பேச வேண்டும். அதிகாரிகள் விரும்பினால் அடுத்த சில பத்திகளைத் தாண்டிக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணின் மெயிலைக் கடைக் கணினியில் ஜிமெயிலின் 'ஷோ ஒரிஜினல்' போட்டுப் பார்த்தேன். முழுத் தலைப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டியிருக்கிறீர்கள், 200 எழுத்துக்கு மேல். அதன்பின் ஏதோ ஒரு பேஸ்64 ஃபங்ஷன் தன் பழக்கப்படி 76ஆவது எழுத்தில் வரியை உடைத்திருக்கிறது. விதி சொல்வது வேறு. ஒரு பொட்டலம், கட்டுக்கயிறு உட்பட, 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. நீளமான தலைப்பென்றால் பல பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி, அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். பொட்டலத்தின் நடுவே வரி உடைந்தால் அது பொட்டலமே இல்லை. சில மெயில் ஆப்கள் இரக்கப்பட்டுப் பிரித்துக் காட்டும். சில, விதிப்படி, வந்ததை வந்தபடியே காட்டும். "எங்க சிஸ்டத்துல சரியாத் தெரியுது" என்பதன் ரகசியம் இதுதான். உங்கள் ஆப் உங்கள்மேல் இரக்கப்படுகிறது.

கணக்கை ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன், என் ஊர். தண்டையார்பேட்டை: கண்ணுக்கு எட்டு எழுத்து, யூனிகோடில் 15 குறிகள், 45 பைட். பேஸ்64இல் மூன்று பைட்டுக்கு நாலு எழுத்து, ஆக 60. முன்கட்டுக்கு 10, பின்கட்டுக்கு 2 சேர்த்தால் 72. 75க்குள் அடங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தமிழ்க் குறி சேர்த்தால் 76, தாண்டிவிட்டது. அதாவது ஒரு பொட்டலத்துக்குச் சரியாக ஒரு தண்டையார்பேட்டை. முதல் தடவை கணக்குப் போட்டு முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'தண்டையார்பேட்டையில்' என்றால் 19 குறிகள், இரண்டாம் பொட்டலம் தேவை. 'க்யூ' முறையில் ஒரு தமிழ்க் குறிக்கே ஒன்பது எழுத்து போய்விடும், ஒரு பொட்டலத்தில் ஏழு குறிதான் கொள்ளும். அதனால் தமிழுக்கு 'பி'தான் சிக்கனம்.

பிரிக்கும்போது பைட்டை எண்ணிக் குருட்டாம்போக்கில் வெட்டாதீர்கள். ஓர் எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று போனால், வெட்டுப்பட்ட இடத்தில் கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி வந்து உட்காரும். முழு எழுத்தாக வெட்டு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நான் இன்னும் ஒரு படி மேலே போய், மெய்யையும் அதன் உயிர்க்குறியையும்கூடப் பிரிக்காதீர்கள் என்பேன். டைப்ரைட்டரில் 'பே' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'ப'. யூனிகோடில் 'ப' முதலில், கொம்பு பின்னால். அந்த இடத்தில் வெட்டி, பெறுகிற ஆப் ஒட்டுவதில் சொதப்பினால், கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கும். இதைத் தவிர்ப்பது விதிப்படி கட்டாயமில்லை. ஆனால் தமிழ் தெரிந்தவர்கள் செய்யும் வேலை இது, அவ்வளவுதான்.

இரண்டு பொட்டலத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பெறுகிற ஆப் விழுங்கிவிடும். அப்படித்தான் விழுங்க வேண்டும். ஆகவே சொற்களுக்கு நடுவே வேண்டிய இடைவெளியைப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்துக் கட்ட வேண்டும். உங்கள் பழைய மெயில்களில் 'சான்றிதழ்சரிபார்ப்பு' என்று சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்ததற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம்.

அனுப்புநர் பெயரில் இன்னொரு தப்பு. பொட்டலத்தை இரட்டை மேற்கோளுக்குள் போட்டிருக்கிறீர்கள். மேற்கோளுக்குள் இருப்பதைப் பிரிக்காதே என்பது விதி. அதனால்தான் சிலருக்கு உங்கள் அலுவலகத்தின் பெயரே குப்பையாக வருகிறது. முகவரியையும் சேர்த்து மடித்துவிடாதீர்கள், பெயரை மட்டும் மடியுங்கள். இணைப்புக் கோப்பின் பெயருக்கு விதி வேறு, 1997இல் வந்த ஆர்எஃப்சி 2231. ஒப்புகைச்சீட்டு பெயரில்லாத கோப்பாக வந்து இறங்குவது இதனால்தான். அதை இங்கே நீட்டவில்லை.

இதையெல்லாம் கையால் எழுதச் சொல்லவில்லை. கையால் எழுதப் போனதால்தான் இந்தக் கதி. மெயிலுக்குள் யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டோமே, போதாதா என்று பல புரோகிராமர்கள் நினைக்கிறார்கள். கம்பெனியில் சேர்ந்த புதிதில் நானும் நினைத்தேன். அந்த அறிவிப்பு உள்ளே இருக்கும் கடிதத்துக்கு மட்டும், மேலே இருக்கும் தலைப்புக்குச் செல்லாது. பிஎச்பியின் மெயில் ஃபங்ஷன் தலைப்பைத் தானாக மடிக்காது. தலைப்பு ஆர்எஃப்சி 2047க்கு ஒத்துவர வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. பிஎச்பிமெயிலரில் எழுத்துத்தொகுதியை நீங்கள் சொல்லாவிட்டால் அது ஐஎஸ்ஓ-8859-1, அதாவது மேலே சொன்ன மேற்கு ஐரோப்பிய எழுத்து, என்று எடுத்துக்கொள்ளும். சாய்கோட்டு 'ஏ' அங்கிருந்துதான் வரும். ஜாவாவில் தலைப்போடு யூடிஎஃப்-8 என்று இரண்டாவது விவரம் கொடுக்காவிட்டால் அந்த மிஷினின் இயல்புத் தொகுதி எதுவோ அது. 2022இல் வந்த ஜாவா 18க்கு முன்புவரை அந்த இயல்பு மிஷினுக்கு மிஷின் மாறும். உங்கள் லேப்டாப்பில் தமிழாக இருந்தது சர்வருக்குப் போய்க் கேள்விக்குறி ஆவது இப்படித்தான். பைத்தானில் ஈமெயில்மெசேஜ் வகுப்பைப் பயன்படுத்தினால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எந்த மொழியில் எழுதியிருந்தாலும் திருத்த வேண்டியது ஒரு வரி, மிஞ்சினால் பத்து வரி. படிவத்தில் ஒருவர் ஒட்டும் தலைப்பில் வரி முறிவு இருந்தால் அதையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எவனாவது அதன் வழியாக உங்கள் மெயிலில் இன்னொரு ஹெடரைச் சொருகி, ஊருக்கெல்லாம் உங்கள் பேரில் அனுப்புவான்.

"இப்போதுதான் புது முறை இருக்கிறதே, தமிழை மடிக்காமலே நேராக அனுப்பலாமே" என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். 2012இல் வந்த ஆர்எஃப்சி 6532 அதை அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வேண்டும். அதைக் கேட்காமல் நேராகத் தள்ளினால் அது விதிமீறல்தான். ஸ்பாம்அசாசின் வடிகட்டியில் தலைப்பில் இப்படி மடிக்காத எழுத்து நிறைய இருந்தால் மதிப்பெண் போட்டு ஸ்பாம் பக்கம் தள்ளுவதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. மடித்தே அனுப்புங்கள்.

அதிகாரிகள் மறுபடி இங்கே வரலாம். ஆங்கிலத்தில் நிரப்பினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். என் மேஜையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரே ஆளின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் மூன்றும் ஒன்று. 'எழில்' என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள், 'ழ'வை எதில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர்ப்பெயரும் அப்படியே. வெள்ளைக்காரன் வாயில் நுழைந்தபடி 'டோண்டியார்பெட்'. 2020 ஜூனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. எங்கள் ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது. விமர்சனம் கிளம்பி, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அரசாங்கமே முடிவுக்கு வரமுடியாத எழுத்துக்கூட்டலை, காசிமேட்டுப் பெரியவரைப் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்கிறீர்கள். அதில் ஓர் எழுத்து மாறினால் "ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை" என்று நிராகரிப்பதும் நீங்கள்தான். அந்த மெயில் மட்டும் சுத்தமான தலைப்போடு வந்து சேரும்.

இன்னொன்றும் இருக்கிறது. தானே தமிழில் தட்டி அனுப்பக்கூடியவர்கள் இப்போது என்னிடம் வந்து இங்கிலீஷில் போட்டுத்தரச் சொல்லி முப்பது ரூபாய் கொடுக்கிறார்கள். உங்கள் அறிவிப்பால் என் கடைக்கு வருமானம் கூடியிருக்கிறது. வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, வேண்டியதைச் சொல்கிறேன். அந்தச் சிவப்பு அறிவிப்பை இந்த வாரமே எடுங்கள். மென்பொருள் சரியாகும்வரை ஏதாவது ஓர் அறிவிப்பு வேண்டுமென்றால், "எங்கள் மெயிலின் தலைப்பு சரியாகத் தெரியாமல் இருக்கலாம், அழித்துவிடாதீர்கள்" என்று உங்கள் குறையை நீங்களே சொல்லிப் போடுங்கள். தலைப்பு, அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், கோப்பின் பெயர் இந்த நாலையும் மடிக்கும் வேலையை நல்ல நூலகம் ஒன்றிடம் ஒப்படையுங்கள். விண்ணப்ப எண்ணைத் தலைப்பின் கடைசியில் வைக்காமல் முதலில், பொட்டலத்துக்கு வெளியே, வெறும் எண்ணாக வையுங்கள். மீதி என்ன ஆனாலும் அந்த எண் கண்ணில் படும். சோதனையை உங்கள் மிஷினில் மட்டும் செய்யாதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் இரண்டில், அதோடு வந்த மெயில் ஆப்பிலும் திறந்து பாருங்கள். என் கடைக்கு வந்தால் நானே ஆள் வைத்துக் காட்டுகிறேன். பராமரிப்பு ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, தமிழ்த் தலைப்பு கெட்டுப்போனால் அது பராமரிப்பாளரின் பிழை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. இந்த இரண்டு வருஷத்தில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தும் வராதவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். அவர்களுக்குப் போன மெயில்களின் தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெட்டுப்போன தலைப்போடு போனவர்களை எஸ்எம்எஸ்ஸிலோ போனிலோ கூப்பிட்டு இன்னொரு தேதி கொடுங்கள். கொருக்குப்பேட்டைப் பெண் அதற்குள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கூப்பிட்டால் ஒருநாள் லீவு போட்டு வருவாள், நான் கேட்டுவைத்திருக்கிறேன்.

இந்த மடலின் பிரதியை மெயிலிலும் அனுப்பியிருக்கிறேன், தமிழ்த் தலைப்போடு, சரியாக மடித்து. பதிலையும் மெயிலிலேயே போடுங்கள். தலைப்பில் 'தண்டையார்பேட்டையில்' என்ற சொல் இருக்கட்டும். 19 குறிகள், ஒரு பொட்டலத்தில் அடங்காது. வந்ததும் அந்தக் காசிமேட்டுப் பெரியவரின் போனுக்கும் அனுப்பி, அவர் எண்ணிச் சொல்கிறாரா என்று பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி